புளியங்கொட்டைக்குள் போன சர்க்கரை

புளியங்கொட்டையின் பழுப்புத் தோலை உரித்து, உள்ளிருக்கும் வெளிறிய பருப்பை மெல்லிசாகச் சீவி, ஒரு சொட்டு அயோடின் விட்டால் நீலம் பாயும். அரிசியிலும் உருளைக்கிழங்கிலும் அப்படித்தான் பாயும். மாவுச்சத்துக்கு அதுதான் அடையாளம் என்று பள்ளியில் படித்திருப்போம். சீவலை நுண்ணோக்கியில் வைத்தால்தான் சங்கதி வேறு என்று தெரியும். அரிசியில் நீலம் ஏறுவது செல்லுக்குள் கிடக்கும் மணிகளில். புளியங்கொட்டையில் செல்லின் உள்ளே நீலமே இல்லை, அத்தனையும் சுவரில். அந்தச் சுவரும் சாதாரணச் சுவரில்லை. உள்ளே இருக்கும் இடத்தையெல்லாம் நெருக்கிக்கொண்டு தடித்திருக்கும்.

1830-களின் இறுதியிலேயே ஜெர்மனியில் இதைப் பார்த்துவிட்டார்கள். பார்த்தவர்களில் ஒருவர், செல் கொள்கைப் பாடத்தில் வருகிற அதே ஷ்லைடன். புளியோடு வேறு சில பயறு இன மரங்களின் விதைகளிலும் இது இருந்தது. மாவுச்சத்தைப் போல நீலமாகிறது, ஆனால் மாவுச்சத்து இல்லை என்பதால் அமிலாய்டு என்று பெயர் வைத்தார்கள். (மறதி நோயைப் பற்றிப் பேசும்போது அடிபடும் அமிலாய்டு வேறு; அது புரதம்.) அது உண்மையில் எப்படிக் கட்டப்பட்டது என்பது தெளிவாக நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நெதர்லாந்தில் கூய்மன் என்ற வேதியியலாளர் புளியங்கொட்டைச் சரக்கைப் பிரித்துப் பிரித்து அமைப்பைச் சொன்னார். நடுவில் குளுக்கோஸ்கள் வரிசையாகக் கோத்த நீண்ட முதுகுத்தண்டு. அதன் பக்கவாட்டில் சைலோஸ் என்ற சர்க்கரை. சில சைலோஸ்களின் முனையில் இன்னொன்று, கேலக்டோஸ். மொத்தத்துக்கு இன்றைய பெயர் சைலோகுளூக்கன்.

அந்தப் பொடிக் கேலக்டோஸை மட்டும் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். இந்த இழை சுவரில் எப்படிக் கிடக்கும், தறியில் எப்படி ஒட்டும், கண்ணில் விட்டால் என்ன செய்யும் என்பதெல்லாம் அதைப் பொறுத்தே அமைகிறது. அது ஒட்டப்படுவதோ, செல்லுக்குள் நடக்கும் பயணத்தின் நடுவில் ஒரே ஒரு இடத்தில்.

பயணம் இலையில் ஆரம்பிக்கிறது. வெயிலில் உருவான சர்க்கரை சுக்ரோஸாகி, பட்டைக்குக் கீழே ஓடும் உணவுக் குழாய்கள் வழியே காம்புக்கும் காம்பிலிருந்து பிஞ்சுக்கும் வருகிறது. பிஞ்சுக்குள் இருக்கும் இளம் விதையில் வித்திலைகள் பெருத்துக்கொண்டிருக்கும் நேரம். நாம் பருப்பு என்று சொல்வது அந்த இரண்டு வித்திலைகளைத்தான். வித்திலைச் செல்லுக்குள் வந்த சுக்ரோஸை ஒரு நொதி இரண்டாக உடைக்கிறது. உடைக்கிற அதே கணத்தில் குளுக்கோஸ் பாதியின் வாலில் யூடிபி என்ற ஒரு துண்டைக் கோத்துவிடுகிறது. வெறும் குளுக்கோஸைச் சங்கிலியில் சேர்க்கச் செல்லால் முடியாது. யூடிபி மாட்டிய குளுக்கோஸுக்குத்தான் அந்தத் தகுதி. சர்க்கரைகள் இப்படி ஒரு பிடியோடுதான் செல்லுக்குள் புழங்குகின்றன என்று கண்டுபிடித்தவர் அர்ஜென்டினாவின் லூயிஸ் லெலுவார். 1970-இன் வேதியியல் நோபல் பரிசு அதற்காகத்தான் கிடைத்தது.

வந்த குளுக்கோஸ் எல்லாம் முதுகுத்தண்டுக்கே போவதில்லை. ஒரு பங்கு வேறு இரண்டு நொதிகளிடம் போகிறது. முதல் நொதி அதன் ஒரு முனையை ஆக்ஸிஜனேற்றம் செய்கிறது, அடுத்தது அந்த முனையிலிருக்கும் கார்பனையே கரியமில வாயுவாக வெட்டி எறிகிறது. ஆறு கார்பன் சர்க்கரை ஐந்து கார்பன் சர்க்கரையாகிறது, அதுதான் சைலோஸ். இலை அவ்வளவு பாடுபட்டுக் காற்றிலிருந்து பிடித்த கார்பனில் ஒன்றைக் கொட்டை திரும்பக் காற்றுக்கே விடுகிறது என்பது முதலில் வீண்செலவாகத் தோன்றும். ஆனால் சைலோஸ் இல்லாத குளுக்கோஸ் தண்டுகள் ஒன்றோடொன்று நெருங்கிப் படிந்து செல்லுலோஸைப் போல விறைத்துவிடும். அந்த ஒரு கார்பன் அதைத் தடுப்பதற்குக் கொடுக்கும் விலை.

இன்னொரு பங்கு குளுக்கோஸ் கார்பன் எதையும் இழக்காமல், ஒரே ஒரு இடத்தில் திசை மாறி, கேலக்டோஸ் ஆகிறது. சரக்கு மூன்றும் தயார். இனி கோக்கும் இடம்.

அந்த இடம் கோல்கை உறுப்பு. 1898-இல் கமில்லோ கோல்கி அதை முதலில் பார்த்தது ஆந்தையின் மூளை நரம்புச் செல்லில். விலங்குச் செல்லில் அது பெரும்பாலும் உட்கருவுக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் குவிந்திருக்கும். தாவரச் செல்லில் அப்படி ஓரிடத்தில் உட்கார்ந்திருக்காது. பத்துக்கணக்கில், சில செல்களில் நூற்றுக்கணக்கில், தனித்தனி அடுக்குகளாகச் சிதறிக் கிடக்கும். ஒவ்வொரு அடுக்கும் அப்பளங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தது போன்ற சில தட்டைப் பைகள். அகலம் ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று. இவை நிற்பதும் இல்லை. செல்லுக்குள் ஓடும் ஆக்டின் இழைகளின் மேல், மையோசின் என்ற புரதம் இழுக்க, விட்டு விட்டு ஓடுகின்றன. புகையிலைச் செல்களில் ஒளிரும் புரதம் ஏற்றிப் பார்த்தபோது வினாடிக்கு 4 மைக்ரோமீட்டர் வரை ஓட்டம் தெரிந்தது. பட்டறையே ஊர் சுற்றுகிறது. இழை அதற்குள் நீண்டுகொண்டே போகிறது.

எந்த நொதி எந்தப் பையில் என்பதைப் பெரும்பாலும் கடுகின் உறவான அரபிடாப்சிஸ் என்ற சின்னக் களையில்தான் கண்டுபிடித்தார்கள். ஆய்வுக்கூடங்களுக்கு வேகமாக வளரும் செடி வேண்டும். காய்க்கப் பல ஆண்டுகள் எடுக்கும் புளிய மரத்துக்காக எந்த ஆராய்ச்சி மாணவர் காத்திருப்பார்? தண்டைக் கோக்கும் நொதி மட்டும் வேறு வழியில் அகப்பட்டது. ஊட்டிப் பக்கம் தோட்டங்களில் ஆரஞ்சுப் பூவோடு படரும் நஸ்டர்ஷியத்தின் விதையும் புளியங்கொட்டை மாதிரியே சுவரில் சைலோகுளூக்கன் சேமிக்கிறது. அந்த விதை சைலோகுளூக்கனை மும்முரமாகச் சேர்க்கும் நேரத்தில் எந்த மரபணு அதிகம் வேலை செய்கிறது என்று மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் தேடினார்கள். 2007-இல் விடை வந்தது, சிஎஸ்எல்சி என்ற குடும்பம். இந்த நொதி கோல்கைப் பையின் சவ்வில் ஊடுருவி நிற்கிறது. வெளிப்பக்கமிருந்து யூடிபி-குளுக்கோஸை வாங்கி, நீளும் தண்டைச் சவ்வு வழியாகப் பைக்குள் தள்ளுகிறது என்று கருதுகிறார்கள்.

தண்டு உள்ளே வர வர, சைலோஸ் ஒட்டும் நொதிகள் பிடித்துக்கொள்கின்றன. அடுக்கின் முன்பக்கத்துப் பைகளிலும் நடுப் பைகளிலும் அவை இருக்கின்றன. கணக்குத் தப்பாமல் மூன்று குளுக்கோஸுக்கு சைலோஸ், நான்காவது மொட்டை; மறுபடி மூன்று, மறுபடி ஒன்று மொட்டை. நடுப் பைகளில் கேலக்டோஸ் ஒட்டும் நொதிகள். சைலோஸ் மூன்றில் முதலாவதைத் தொடுவதில்லை. இரண்டாவதிலும் மூன்றாவதிலும்தான் வேலை. சில இடத்தில் இரண்டிலும் ஒட்டும், சில இடத்தில் ஒன்றில், சில இடத்தில் எதிலுமே ஒட்டாமல் விட்டுவிடும். புளியங்கொட்டை இழையை நொதி கொண்டு துண்டாக்கி எண்ணினால், ஏறத்தாழ பாதித் துண்டுகளில் இரண்டு கேலக்டோஸும் இருக்கும். அரபிடாப்சிஸ் இலையில் இதற்கு மேலும் ஒரு படி உண்டு. கடைசிப் பையில் ஃபியூகோஸ் என்ற நான்காவது சர்க்கரை சில கேலக்டோஸ்களின் மேல் ஏறும். புளியங்கொட்டையின் சேமிப்பு இழையில் ஃபியூகோஸ் கிடையாது. சேமித்து வைக்கும் சரக்குக்கு அந்த அலங்காரம் தேவைப்படவில்லை போலும்.

ஒன்று கவனிக்க வேண்டும். இழை கோல்கைப் பைக்குள் நுழைந்த கணத்திலேயே, கணக்குப்படி, செல்லுக்கு வெளியே போய்விட்டது. கடைசிப் பையிலிருந்து நுண்பை ஒன்று கிள்ளிக்கொண்டு பிரியும். அது செல்லின் எல்லைச் சவ்வுக்குப் போய் அதோடு கலக்கும். கலக்கும்போது நுண்பையின் உள்பக்கம் செல்லின் வெளிப்பக்கமாகத் திறந்துகொள்ளும். பல லட்சம் மூலக்கூறு நிறை கொண்ட அந்த இழை, பிறந்த பிறகு எந்தச் சவ்வையும் துளைத்துக் கடக்க வேண்டியதே இல்லை. துளைக்கிற தொல்லை ஒற்றைச் சர்க்கரையோடு முடிந்துவிடுகிறது.

இந்தப் போக்குவரத்தை நேரில் பார்த்தது 1966-இல். கேம்பிரிட்ஜில் நார்த்கோட், பிக்கெட்-ஹீப்ஸ் இருவரும் கோதுமை வேர்நுனிக்குக் கதிரியக்கம் ஏற்றிய குளுக்கோஸைச் சில நிமிடங்கள் ஊட்டினார்கள், பிறகு சாதாரணக் குளுக்கோஸுக்கு மாற்றினார்கள். நேர இடைவெளி விட்டு வேரை எடுத்து, மெல்லிய சீவலாக்கி, புகைப்படப் பூச்சின் அடியில் வைத்தார்கள். ஆரம்பத்தில் கரும்புள்ளிகள் கோல்கையின் மேல் விழுந்தன. ஒரு மணி நேரத்துக்குள் புள்ளிகள் சுவர்ப் பக்கம் போய்விட்டன. எளிமையான சோதனை. ஆனால் சுவர்ச் சரக்கு செல்லுக்குள் தயாராகி, மூட்டையாகக் கட்டி வெளியே அனுப்பப்படுகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி அன்று வேறில்லை. கோல்கையில் எந்தப் பையில் எந்தச் சரக்கு என்பதைப் பின்னாளில் தங்கத் துகள் கட்டிய எதிர்ப்புப் புரதங்களைக் கொண்டு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள்.

சுவரின் எல்லாப் பொருளும் இந்த வழியில் வருவதில்லை. செல்லுலோஸ் கோல்கைப் பக்கமே போகாது. அதைச் செய்யும் நொதிக் கூட்டம்தான் கோல்கையில் சேர்த்துக் கட்டப்பட்டு, எல்லைச் சவ்வுக்கு அனுப்பப்பட்டு, அங்கேயே நின்று நேரடியாக வெளியே இழை விடுகிறது. 2006-இல் அந்த நொதிகளுக்கு ஒளியேற்றிப் பார்த்தபோது, சவ்வுக்கு அடியில் ஓடும் நுண்குழல்களின் தடத்திலேயே அவை நகர்வது திரையில் தெரிந்தது. வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 300 நானோமீட்டர்.

சுவருக்குப் போன சைலோகுளூக்கன் அங்கே என்ன செய்கிறது? இந்தக் கேள்வியில் ஒரு நல்ல நாடகம் இருக்கிறது. கொலராடோவில் பீட்டர் ஆல்பர்ஷைமின் ஆய்வுக்கூடம் 1973-இல் ஒரு வரைபடம் வெளியிட்டது. சைலோகுளூக்கன் செல்லுலோஸ் இழைகளில் ஒட்டி, அவற்றை மற்றச் சுவர்ப் பொருள்களோடு பிணைக்கிறது என்பது அதன் சாரம். அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் கென்னத் கீக்ஸ்ட்ரா. சைலோகுளூக்கன் இல்லாவிட்டால் சுவரே இல்லை என்று ஒரு தலைமுறை நம்பியது. 35 ஆண்டுகள் கழித்து, 2008-இல், சைலோஸ் ஒட்டும் இரண்டு மரபணுக்களை முடக்கி, அளக்கிற அளவுக்குச் சைலோகுளூக்கனே இல்லாத அரபிடாப்சிஸை ஒரு குழு வளர்த்துக் காட்டியது. செடி கொஞ்சம் சிறுத்தது, வேர்த்தூவிகள் கோணலாயின, சுவரின் வலு குறைந்தது. அவ்வளவுதான், பூத்தது, காய்த்தது. அந்தக் குழுவிலும் இருந்தவர் கீக்ஸ்ட்ரா. தன் பெயரில் நின்ற கோட்பாட்டுக்கு எதிரான சாட்சியைத் தானே வெளியிடுவது எல்லா ஆராய்ச்சியாளருக்கும் வாய்ப்பதில்லை. வாய்த்தாலும் எல்லோரும் வெளியிடுவதில்லை.

அதைவிட எனக்கு ஆச்சரியம் தருவது இன்னொரு முடக்கம். இழை இருக்கிறது, சைலோஸும் இருக்கிறது, கேலக்டோஸ் மட்டும் போதாமல் போன செடிகள் உண்டு. இவை முற்றிலும் குள்ளமாகிப்போயின. இழையே இல்லாத செடி ஏறக்குறைய நன்றாக வளர்கிறது, கேலக்டோஸ் குறைந்த இழை உள்ள செடி தடுமாறுகிறது. 2015-இல் வந்த ஆய்வு இதைத் தெளிவாகச் சொன்னது: இல்லாமையைவிடக் குறையுள்ளதே செடிக்கு ஆபத்து. அந்தக் குள்ளச் செடியில் இழை செய்வதையே நிறுத்தினால் செடி ஓரளவு மீண்டும் நிமிர்கிறது. கேலக்டோஸ்தான் இழைகளை ஒன்றோடொன்று சிக்காமல் விலக்கி வைக்கிறது, அது குறைந்தால் நெருங்கித் திரண்டுவிடுகின்றன என்று கருதுகிறார்கள்.

புளியங்கொட்டைக்கு இந்த விவாதமெல்லாம் பொருட்டில்லை. அதற்குச் சைலோகுளூக்கன் சுவரின் வலுவுக்காக அல்ல, சாப்பாட்டுக்காக. நெல் தன் குஞ்சுக்கு மாவுச்சத்து மணிகளைக் கட்டிக்கொடுக்கிறது, நிலக்கடலை எண்ணெய்; புளி தன் சுவரையே கட்டிக்கொடுக்கிறது. மாசி பங்குனியில் உலுக்கி விழுந்த பழத்தில் தப்பிய கொட்டை, மழை கண்டு ஊறி முளைக்கும்போது, தடித்த வித்திலைகள் மண்ணுக்கு மேலே தூக்கிக்கொண்டு வரும். அப்போது நொதிகள் சுவருக்குள் இறங்குகின்றன. ஒன்று தண்டை இடையிடையே வெட்டும், இன்னொன்று கேலக்டோஸைக் கழற்றும், வேறொன்று சைலோஸை, மற்றொன்று மிஞ்சிய குளுக்கோஸைப் பிரிக்கும். தடித்த பகுதி கரைந்து, ஆரம்ப காலத்து மெல்லிய சுவர் மட்டும் நிற்கும். வித்திலை சுருங்கி விழும். வெட்டும் அந்த நொதியை நஸ்டர்ஷியத்தில் ஆராய்ந்தபோது ஒரு குறும்பு தெரிந்தது: பக்கத்தில் இன்னொரு இழை அகப்பட்டால், வெட்டிய முனையை அதோடு ஒட்டியும் விடுகிறது. 1990-களில் இந்த வெட்டி ஒட்டும் வேலை வளரும் எல்லாச் செடிச் சுவர்களிலும் நடப்பது தெரிந்தது.

முளைக்கப் போகாத கொட்டைக்கு வேறு வாழ்வு. வறுத்து வாயில் ஒதுக்கி மென்ற தலைமுறை இன்னும் இருக்கிறது. பஞ்ச காலத்தில் அது விளையாட்டில்லை, சோறு. நம் குடலில் சைலோகுளூக்கனை உடைக்கும் நொதி கிடையாது. பெருங்குடலில் வாழும் பாக்டீராய்ட்ஸ் ஓவாட்டஸ் என்ற பாக்டீரியா அந்த வேலையைச் செய்கிறது, அதற்கென்றே ஒரு மரபணுக் கொத்து வைத்திருக்கிறது என்று 2014-இல் காட்டினார்கள். புளியங்கொட்டைதான் வேண்டுமென்பதில்லை, கீரையிலும் தக்காளியிலும் இருக்கும் சைலோகுளூக்கனுக்காகவும் அது தயாராகக் காத்திருக்கிறது.

பசையாக அதன் பிழைப்பு பழையது. தஞ்சாவூர் ஓவியப் பலகையில் துணியை ஒட்டவும், ஒடிசாவின் பட்டசித்ராவில் துணி மேல் துணி படியவும், ஆந்திராவின் கொண்டபள்ளி பொம்மைகளில் மரத்தூளோடு பிசைந்து உறுப்புகளைச் சேர்க்கவும் புளியங்கொட்டைப் பசை உண்டு. ஆலைக்கு அது போனது போர்க்காலத்தில். டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த டி.பி. கோஷ், எஸ். கிருஷ்ணா இருவரும் 1942-இல், தோல் நீக்கிய பருப்பில் 46 முதல் 48 சதவீதம் கூழாக உறையக்கூடிய பொருள் இருப்பதாக அறிவித்தார்கள். சீக்கிரமே பருத்தி ஆலைகளும் சணல் ஆலைகளும் பாவு நூலுக்குக் கஞ்சி போட இந்த மாவை எடுத்துக்கொண்டன. தறியில் ஏறும் பாவு, அச்சிலும் விழுதிலும் உரசி உரசிப் பஞ்சு கிளம்பி அறுந்துபோகும்; மேலே ஒரு மெல்லிய பூச்சு வேண்டும். நூல் பருத்தியென்றால் அது செல்லுலோஸ். செல்லுலோஸோடு ஒட்டும் குணம் சைலோகுளூக்கனுக்குச் சுவரில் இருந்த நாளிலிருந்தே உண்டு, ஆகவே ஆலையில் புதிதாக எதையும் அது கற்றுக்கொள்ளவில்லை. கொட்டையை வறுத்துத் தோல் நீக்குவதும் உதவுகிறது. சூட்டில் நொதிகள் செத்துவிடுவதால் இழை அறுபடாமல் நிற்கிறது.

ஜப்பானில் இதே மாவைச் சுத்திகரித்து 1960-களிலிருந்து உணவில் சேர்க்கிறார்கள். சாஸ் கெட்டிப்பட, ஐஸ்கிரீமில் பனிக்கட்டி பரல் பரலாகாமல் இருக்க. ஜாமை உறையவைக்கும் பெக்டினுக்கு நிறைய சர்க்கரையும் புளிப்பும் இரண்டும் வேண்டும். புளியங்கொட்டை இழைக்குச் சர்க்கரை போதும், புளிப்பு இல்லாமலும் உறையும். இத்தாலியில் பீசா பல்கலைக்கழகக்காரர்கள் வேறு பக்கம் போனார்கள். கண்ணின் ஈரப்படலத்தில் இருக்கும் மியூசினோடு இந்த இழையின் கிளைத்த வடிவம் ஒத்துப்போவதைக் கவனித்து, வறண்ட கண்ணுக்கு விடும் சொட்டு மருந்தில் சேர்த்தார்கள். இன்று மருந்துக்கடையில் வாங்கும் சில கண் சொட்டு மருந்துகளின் அட்டையைக் கூர்ந்து பார்த்தால் புளி விதையின் பெயர் இருக்கும்.

இவை எல்லாமே கேலக்டோஸ் முழுசாக இருக்கும் இழை. தண்ணீரில் கலந்து குழகுழவென்று நிற்கும், தானாக உறையாது. கேலக்டோஸைக் கழற்றும் நொதியைக் கொட்டிப் பார்த்தால் குணமே மாறுகிறது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கழற்றியதும் கரைசல் சூடேறினால் உறைகிறது, குளிர்ந்தால் மறுபடி நீராகிறது. ஜெலட்டினும் அகர்-அகரும் செய்வதற்கு நேர் எதிர். 1998-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் 44 சதவீதம் கேலக்டோஸை நீக்கிய இழையை எடுத்துக்கொண்டு, அதன் ஒன்றிரண்டு சதவீதக் கரைசல் 37 டிகிரியில், அதாவது உடல் சூட்டில், கெட்டியாவதைக் காட்டினார்கள். குளிர்ந்த நிலையில் மருந்தைக் கலந்து செலுத்தலாம். உள்ளே போனதும் உறைந்து, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். முதலில் அவர்கள் அதை ஆசனவாய் வழியே கொடுக்கும் மருந்துக்குத்தான் சோதித்தார்கள்.